எல்லார்க்கும் எட்டும் மென்பொருள்

கூட்டுறவின் வாயில் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது நம் இயக்கத்தின் தலையாய கொள்கை. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் ராச்டேல் நகரில், நெசவாளர் சிலரை உள்ளிட்ட 28 பேர் கூடி ஒரு சிறு பண்டகசாலையைத் திறந்த காலந்தொட்டு, உலகெங்கும் உள்ள கூட்டுறவாளர் இக்கொள்கையைப் போற்றி வருகின்றனர். ஆயினும், வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. அதன் வழியே எல்லாரும் உள்ளே வர இயலுகிறதா என்பதையும் நாம் பார்த்தல் வேண்டும். முன்னாளில் சங்கத்தின் வாயில் மரத்தால் ஆனது. இன்றோ அவ்வாயில் கணினித் திரையிலும் கைபேசியின் கண்ணாடியிலும் அமைந்துள்ளது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு, 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கென 2,516 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கூலிக் கணக்கு, நூல் இருப்பு, சேமநிதி முதலிய யாவும் படிப்படியாக மென்பொருளுக்குள் புகுந்து வருகின்றன. இந்தப் புதிய வாயில் கண்ணொளி இழந்தோர்க்கும், செவிப்புலன் குன்றியோர்க்கும், கை நடுங்கும் முதியோர்க்கும் திறக்கின்றதா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் கண்ட ஒரு காட்சி

சென்ற ஆண்டில் ஆய்வுப் பணியின் நிமித்தம் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். கணக்குகளைப் பார்த்து முடித்த பின்னர், வழக்கம்போல் அங்கத்தினர் சிலரின் இல்லங்களுக்கும் சென்று, கூலி முறையாக வந்து சேருகின்றதா என விசாரித்தோம். அவர்களுள் ஒருவர் அறுபது வயதைக் கடந்த பெரியவர். நாற்பதாண்டுகள் தறியில் அமர்ந்தவர். கண்ணில் அழுத்தம் மிகுந்து பார்வை முற்றிலும் போய்விட்டமையால், இப்போது தார் சுற்றும் வேலையை மட்டும் செய்து வருகிறார். நூல் அறுந்தால் விரல் நுனியாலேயே கண்டு முடிந்துவிடுகிறார். அவரது வேலையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

"கூலி வந்து சேர்ந்ததா, பெரியவரே?" எனக் கேட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஐயா, என் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று இந்தத் தெருவுக்கே தெரியும்; எனக்குத்தான் தெரியாது" என்றார்.

விவரம் கேட்டபோது உண்மை வெளிப்பட்டது. சங்கம் பாஸ் புத்தகத்தைக் கைவிட்டு, கைபேசியில் இயங்கும் ஒரு செயலியை அங்கத்தினர்க்கு அளித்திருந்தது. பெரியவரின் மகன், திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் வசதியை அவர் கைபேசியில் அமைத்துக் கொடுத்திருக்கிறார். அதன் துணையால் அவர் பிறரை அழைத்துப் பேசுகிறார், செய்திகளைக் கேட்கிறார். ஆனால், சங்கத்தின் செயலியைத் திறந்து எந்த இடத்தைத் தொட்டாலும், "பெயரிடப்படாத பொத்தான், பெயரிடப்படாத பொத்தான்" என்றே கைபேசி கூறுகிறது. எது இருப்பைக் காட்டும் பொத்தான், எது பணம் அனுப்பும் பொத்தான் என்று அவர் அறிய வழியில்லை. ஆகவே, தம் இரகசிய எண்ணை அடுத்த வீட்டு இளைஞரிடம் கூறினார். அவர் வேலை தேடி வெளியூர் சென்றதும் மற்றொருவரிடம் கூறினார். இவ்வாறு நால்வர்க்கு அந்த எண் தெரிந்துவிட்டது. அவர்களுள் எவரும் அவரை ஏமாற்றியதாகத் தெரியவில்லை. ஆயினும், ஒருவர் தம் உழைப்பின் ஊதியத்தை அறிந்துகொள்வதற்கு நால்வரின் நேர்மையை நம்பியிருக்க வேண்டிய நிலை நீதியாகுமா?

இவ்விடத்தில் நம் குற்றத்தையும் மறைக்காமல் கூறுதல் கடமையாகும். அதற்கு முந்திய ஆண்டின் ஆய்வறிக்கையில், "கணினிமயமாக்கல் பணி நிறைவுற்றது, அங்கத்தினர் யாவரும் பயன் பெறுகின்றனர்" என்று எழுதிக் கையொப்பமிட்டவர் நாமே. "யாவரும்" என்ற அச்சொல்லை எழுதுமுன் ஒருவரையேனும் கேட்டோமில்லை.

யாருக்காக இந்த ஏற்பாடு?

"எங்கள் சங்கத்தில் அப்படிப்பட்டவர் ஒருவரோ இருவரோதானே" எனக் காரியதரிசிகள் சிலர் கூறுவதுண்டு. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்திய நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் நூற்றுக்கு 16 பேர் குறிப்பிடத்தக்க உடற்குறையோடு வாழ்கின்றனர் எனக் கூறுகிறது.

எண்களை ஒருபுறம் வைத்துவிட்டு, நம் ஊர்களையே நோக்குவோம். நுண்ணிய இழைகளை உற்று நோக்கியே வாழ்நாளைக் கழித்த நெசவாளர்க்கு நாற்பது வயதைத் தாண்டியதும் அண்மைப் பார்வை மங்குகிறது. கதிரடிக்கும் இயந்திரத்தில் விரல்களை இழந்த உழவர் இருக்கின்றனர். நடுக்குவாதத்தால் கை நடுங்குவோர் உளர். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிய இயலாத ஆடவர் உளர். அவர்களிற் பலர் தமக்கு அக்குறை இருப்பதையே அறியார். இன்று நல்ல உடலோடு இருக்கும் நாமும் முதுமையை எய்தும்போது இவற்றுள் ஏதேனும் ஒன்றை அடையாமல் இருப்பது அரிது. ஆகவே, இது பிறர்க்குச் செய்யும் உபகாரமன்று. நாளைக்கு நமக்கே நாம் போட்டுக்கொள்ளும் வைப்புத் தொகை.

திரை எவ்வாறு பேசுகிறது?

மென்பொருள் செய்வோர் என்ன செய்ய வேண்டும் என்பதை அறியுமுன், பார்வையற்றவர் கணினியை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதை நாம் தெரிந்துகொள்ளல் நலம். திரைபடிப்பான் எனப்படும் மென்பொருள், திரையில் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் பற்றி மூன்று செய்திகளைத் தேடுகிறது: அதன் பெயர் என்ன, அது எவ்வகைப்பட்டது, இப்போது அது எந்நிலையில் உள்ளது. "இருப்பு அறிய, பொத்தான்" என்றோ, "பயிர்க்கடன், தேர்வுக் கட்டம், தேர்ந்தெடுக்கப்பட்டது" என்றோ அது குரல் கொடுக்கும். இச்செய்திகளை மென்பொருள் செய்தவர் உள்ளே எழுதி வைத்திருந்தால்தான் திரைபடிப்பான் படிக்க முடியும். பணப்பை போன்ற ஒரு படத்தை மட்டும் வரைந்து, "இது இருப்பைக் காட்டும்" என்ற சொல்லை எழுதாது விட்டால், பார்ப்பவர்க்கு அது விளங்கும். கேட்பவர்க்கு அது ஊமை. நம் பெரியவரின் கைபேசியில் நேர்ந்தது இதுவே. அக்குறையைத் தீர்க்க வேண்டியது ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓரிரு சொற்களே.

தமிழ் மொழியில் இதற்கு மேலும் ஓர் இடையூறு உண்டு. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே ஒளிந்திருக்கின்றன. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று தட்டினால், கண்ணுக்கு "அம்மா" என்றே தோன்றும். ஆனால், கணினியின் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். திரைபடிப்பான் அவற்றைத்தான் படிக்கும். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையையும் டேஸ்-16 முறையையும் தரமாக ஏற்றுக்கொண்டது. அங்ஙனமிருந்தும், சங்கங்களின் சுற்றறிக்கைகள் சில இன்னமும் பழைய எழுத்துருவிலேயே தட்டச்சாகின்றன. வேறு சில, தாளில் அச்சடித்துப் பின்னர் நிழற்படமாக எடுத்து அனுப்பப்படுகின்றன. நிழற்படத்தில் எழுத்துகள் இல்லை. எழுத்துகளின் உருவங்களே உள்ளன. பொதுச்சபைக் கூட்டத்தின் அறிவிப்பு இவ்வாறு வருமாயின், பார்வையற்ற அங்கத்தினர்க்கு அது வெற்றுத்தாளேயன்றி வேறில்லை. யூனிகோடில் தட்டச்சுச் செய்து, அவ்வாறே அனுப்புதல் ஒரு காசும் செலவில்லாத திருத்தமாகும்.

பார்வையற்றோர் தாமே கட்டிய வீடு

கூட்டுறவாளர்களாகிய நமக்கு உவகையூட்டும் வரலாறு ஒன்று இத்துறையில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை திரைபடிப்பான்கள் மிகுந்த விலையுடையனவாக இருந்தன. சில வேளைகளில் கணினியின் விலையையே அவை விஞ்சி நின்றன. கண்ணுள்ளவர் ஒரு விலை கொடுக்க, கண்ணற்றவர் இரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இது முறையன்று எனக் கண்ட மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர், 2006ஆம் ஆண்டில் இலவசத் திரைபடிப்பான் ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கினார். சிறு வயதில் ஓர் இசை முகாமில் அவருக்கு நண்பரான ஜேம்ஸ் தே என்பவரும் பார்வையற்றவரே. அவரும் உடன் சேர்ந்துகொண்டார். 2007ஆம் ஆண்டில் இருவரும் இலாப நோக்கமற்ற ஒரு நிறுவனத்தை அமைத்தனர். அவர்கள் படைத்த மென்பொருளின் பெயர் என்.வி.டி.ஏ. என்பதாகும்.

இம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் உள்ளமைப்பை எவரும் பார்க்கலாம், திருத்தலாம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அதனை ஆக்கியுள்ளனர். அவற்றுள் தமிழும் ஒன்று. அதனுடன் வரும் கட்டணமற்ற குரல் மென்பொருள் தமிழையும் பேசும். நன்கொடைகளாலும் பலர் உழைப்பாலும் அது நாளுக்கு நாள் வளர்ந்து வருகிறது. சட்டப்படி அது கூட்டுறவுச் சங்கமன்று. ஆயினும், தேவையுடையோர் ஒன்றுகூடித் தம் தேவையைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளும் கூட்டுறவின் உயிர்நிலை அதில் விளங்கக் காண்கிறோம்.

ஆனால், எவ்வளவு சிறந்த திரைபடிப்பானும் இல்லாததைப் படிக்க இயலாது. வீட்டிற்குப் பாதை போட்டுவிட்டார்கள். கதவைத் திறக்க வேண்டியவர்கள் ஏனைய மென்பொருள் செய்வோரே.

மென்பொருள் செய்வோர் கடமைகள்

இத்துறையில் ஒவ்வொருவரும் தம் மனம்போல் நடக்க வேண்டியதில்லை; வழி வகுக்கப்பட்டே உள்ளது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டில் முதல் நெறிமுறைகளை வெளியிட்டது. அவை 2008, 2018 ஆகிய ஆண்டுகளில் விரிவாக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டு அக்டோபரில் 2.2 என்ற பதிப்பாக வெளிவந்துள்ளன. நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 17802 என்ற தரத்தை வகுத்துள்ளது. உலக நெறிமுறைகளின் சாரம் நான்கு சொற்களில் அடங்கும்: உள்ளது புலப்பட வேண்டும், இயக்க இயல வேண்டும், பொருள் விளங்க வேண்டும், எந்தக் கருவியிலும் நிலைத்து நிற்க வேண்டும். நம் சங்கங்களுக்குப் பொருந்துமாறு இவற்றைச் சிறிது விரித்துரைப்போம்.

முதலாவதாக, ஒவ்வொரு படத்திற்கும், பொத்தானுக்கும், நிரப்ப வேண்டிய கட்டத்திற்கும் சொல்லால் ஆன பெயர் இருத்தல் வேண்டும். கைத்தறிச் சேலையின் படத்தை விற்பனைக்கு இடும்போது, "படம் 14" என எழுதாமல், "மயில் பச்சை உடல், அரக்கு நிறக் கரை, கட்டம் போட்டது" என எழுதினால், கண்ணற்ற வாங்குநரும் தெரிந்து வாங்குவார்.

இரண்டாவதாக, எழுத்துக்கும் பின்புறத்திற்கும் இடையே போதிய வேறுபாடு வேண்டும். சாதாரண அளவு எழுத்தாயின் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையலாகாது; பெரிய எழுத்தாயின் 3-க்கு 1. வெண்மையின் மேல் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதுவது அழகென இக்காலத்தார் சிலர் எண்ணுகின்றனர். வெள்ளிழைத்த நாளில் வயலில் நின்று கைபேசியைப் பார்க்கும் உழவர்க்கு அது அழகன்று. எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் எதுவும் மறைந்துவிடலாகாது.

மூன்றாவதாக, நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லலாகாது. தவணை தவறியதைச் சிவப்பாலும், செலுத்தியதைப் பச்சையாலும் காட்டுவதோடு அமையாது, "தவணை தவறியது", "செலுத்தப்பட்டது" என எழுத்தாலும் கூறுதல் வேண்டும். தவறு நேர்ந்தால் எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்பதைச் சொல்லால் உணர்த்துதல் வேண்டும்.

நான்காவதாக, சுட்டெலி இன்றி விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் இயக்க முடிதல் வேண்டும். தொடுதிரையில் பொத்தான்கள் நெருங்கியிருத்தல் ஆகாது. குறைந்த அளவு இவ்வளவு என நெறிமுறைகளில் வரையறை உண்டு. நடுங்கும் விரல் "ஒப்புக்கொள்கிறேன்" என்பதற்குப் பதிலாக "நீக்கு" என்பதைத் தொட்டுவிட்டால் யார் பொறுப்பு?

ஐந்தாவதாக, கால அளவைக் கடுமையாக வைத்தலாகாது. ஒரு முறைக்குரிய கடவெண்ணைக் கேட்டு, மனத்திற் கொண்டு, தேடித் தட்டுவதற்குப் பார்வையற்றவர்க்குக் கூடுதல் நேரம் வேண்டும். நேரம் முடியுமுன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள வசதி தருதல் முறையாகும்.

ஆறாவதாக, அடையாளம் காட்டுவதற்கு ஒரே வழியை மட்டும் வைத்தலாகாது. கோணலான எழுத்துகளின் படத்தைக் காட்டி "இதைப் படித்து எழுதுக" எனக் கேட்பது பார்வையற்றவர் முகத்தில் கதவை அறைவதாகும். வேலையால் ரேகை தேய்ந்த விரலைக் கைரேகைப் பொறி ஏற்பதில்லை. ஆகவே, ஒன்று இயலாதார்க்கு மற்றொன்று இருத்தல் வேண்டும்.

ஏழாவதாக, பயிற்சிப் படங்களில் பேச்சு உள்ளவிடத்து, அப்பேச்சு எழுத்திலும் ஓடுதல் வேண்டும். செவி கேளாத அங்கத்தினர் பயன் பெற அதுவே வழி. இரைச்சல் மிகுந்த தறிக்கூடத்தில் படம் பார்க்கும் மற்றவரும் அதனால் பயன் பெறுவர்.

எட்டாவது, மற்ற ஏழினும் முக்கியமானது. செய்து முடித்த மென்பொருளை மாற்றுத்திறனாளிகளின் கையிற் கொடுத்துச் சோதித்தல் வேண்டும். தானே பிழை தேடும் கருவிகள் உண்டு; அவை பெயரில்லாத பொத்தானைக் கண்டுபிடிக்கும், ஆனால் வைத்த பெயர் பொருத்தமானதா என அறியமாட்டா. இயன்றால் மாற்றுத்திறனாளிகளையே பணியாளர்களாகவும் அமர்த்திக்கொள்ளுதல் நன்று. நெய்யத் தெரிந்தவரே துணியின் குற்றத்தை எளிதில் காண்பர் அன்றோ?

இவையெல்லாம் ஆகாத காரியங்கள் என எண்ணவேண்டா. இந்திய ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில், ரூபாய் நோட்டை அடையாளம் கூறும் "மணி" என்ற கைபேசிச் செயலியை வெளியிட்டது. நோட்டைக் கைபேசியின் கண்முன் காட்டினால், அது எத்தனை ரூபாய் என்பதைக் குரலால் கூறும். இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. மனம் வைத்தால் வழி பிறக்கும் என்பதற்கு இது சான்று.

பாவிலேயே சேர வேண்டிய இழை

"முதலில் மென்பொருளை முடித்துவிடுவோம், இவ்வசதிகளைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம்" எனக் கூறுவாரும் உளர். இதற்கு விடை நெசவாளர்க்கே நன்கு தெரியும். ஊடையில் ஓர் இழை தவறினால் குற்றம் அவ்விடத்தோடு நிற்கும். பிரித்து மீண்டும் நெய்யலாம். பாவில் ஓர் இழை விடுபட்டாலோ, அக்குற்றம் முந்தி முதல் இறுதிவரை கோடாக ஓடும். அதனைப் பின்னர் ஊசியால் இட்டு நிரப்புவது பெருஞ்செலவு. நிரப்பினாலும் வடு மறையாது. மென்பொருளில் இவ்வசதிகள் பாவிழை போன்றவை. முதற் சொல்லை எழுதும்போதே கோக்கப்பட வேண்டும்.

இவ்வுவமையைக் கூற நமக்கு உரிமையும் உண்டு. பூவேலைத் தறிகளின் மேல் ஏறியிருக்கும் ஜக்கார்டு பெட்டியின் துளையட்டைகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் தோன்றியவை. துளை இருந்தால் இழை எழும், இல்லையெனில் எழாது என்ற அக்கருத்தே பிற்காலத்தில் கணக்கிடும் பொறிகளுக்கும், கணினிகளுக்கும் வழிகாட்டியது. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமதிப்பு துளையட்டைகளாலேயே எண்ணப்பட்டது. தறியிலிருந்து பிறந்த பொறி, தறிக்காரரையே வெளியே நிறுத்துதல் தகுமா?

சட்டம் கூறுவது

இவ்வசதிகள் இரக்கத்தால் இடும் பிச்சையல்ல; உரிமையாகும். 2016ஆம் ஆண்டுச் சட்டம், தகவல் தொடர்புச் சாதனங்களும் மின்னணுப் பொருள்களும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத் தக்கனவாய் இருத்தல் வேண்டும் எனக் கூறுகிறது. இதன்கீழ் அமைந்த விதியொன்று இவற்றை வெறும் பரிந்துரைகளாக நிறுத்திவிட்டதென 2024ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கண்டு, அவ்விதி சட்டத்திற்கு முரணானதெனத் தீர்ப்பளித்து, மீறலாகாத தரங்களை வகுக்குமாறு அரசைப் பணித்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் மற்றொரு தீர்ப்பு வெளிவந்தது. அமிலத் தாக்குதலால் முகமும் கண்ணும் சிதைந்தோரும், பார்வையற்றோரும் எதிர்கொண்ட இடையூறே அவ்வழக்கின் பொருள். வங்கிக் கணக்குத் தொடங்கும்போது கண்ணிமைத்துக் காட்டுமாறு கைபேசி கேட்கிறது. இமைக்க இயலாதவர் என் செய்வர்? மின்னணு வசதிகளை எட்டும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு கூறே என நீதிமன்றம் கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது.

எனினும், சட்டம் ஒருபுறமிருக்க, நடைமுறை வேறாகவே உள்ளது. 2025ஆம் ஆண்டில் உலகின் புகழ்பெற்ற பத்து லட்சம் வலைத்தளங்களின் முகப்புகளை ஓர் அமெரிக்க அமைப்பு கருவியால் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 95 முகப்புகளில் நெறிமுறைப் பிழைகள் காணப்பட்டன. அவற்றுள் மிகுதியானவை எழுத்தின் ஒளி மங்கல், படத்திற்குப் பெயரின்மை, கட்டத்திற்குப் பெயரின்மை போன்ற எளிய பிழைகளே. அறியாமையாலும் அசட்டையாலும் வந்தவை இவை; அறிவு வந்தால் அகலும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

மென்பொருள் செய்வோர் கடமையை அவர்க்கு நினைவூட்ட வேண்டியவர் யார்? விலை கொடுத்து வாங்கும் நாமே. நூல் வாங்கும்போது நம்பர் பார்க்கிறோம். விதை வாங்கும்போது முளைப்புத் திறன் கேட்கிறோம். மென்பொருள் வாங்கும்போது மட்டும் ஏன் வாய் திறவாதிருக்கிறோம்?

நிர்வாகக் குழுவினர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்பாராக. இம்மென்பொருள் எந்தத் தரத்தின்படி அமைந்தது? அதனைப் பார்வையற்றோர் எவரேனும் பயன்படுத்திச் சோதித்தனரா? குறை கூறினால் எத்தனை நாளில் திருத்தித் தருவீர்? இவற்றிற்குரிய விடைகளை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கி, கடைசித் தவணைப் பணத்தை அச்சோதனைக்குப் பின்னரே கொடுத்தல் நலம்.

காரியதரிசி ஒரு சிறு பரீட்சையைத் தாமே செய்து பார்க்கலாம். கைபேசியில் திரை பேசும் வசதியை இயக்கிவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, தம் கணக்கின் இருப்பை அறிய முயலட்டும். ஐந்து நிமிடத்தில் அவர்க்குப் பாடம் விளங்கும். நாமும் இதனைச் செய்தோம். இருப்பை அறியச் சென்று, செயலியை விட்டே வெளியேறிவிட்டோம்.

அன்றியும், மென்பொருள் முற்றும் திருந்தும் வரையில், பழைய வழியை அடைத்துவிடலாகாது. விரும்பும் அங்கத்தினர்க்குப் பாஸ் புத்தகத்தையும், குமாஸ்தாவின் நேர்முக உதவியையும் தொடர்ந்து அளித்தல் வேண்டும். ஆண்டுப் பொதுச்சபையில், "எவர்க்கேனும் நம் செயலியைப் பயன்படுத்த இயலவில்லையா?" என்ற ஒரு வினாவை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். வர இயலாதவர் குரல் குறிப்பேட்டில் ஏறுவதில்லை; அதனால் குறையே இல்லையென நாம் எண்ணிவிடுகிறோம்.

மீண்டும் பெரியவரிடம்

நாம் தொடக்கத்திற் கூறிய சங்கத்தின் தலைவர், நம் குறிப்பைப் படித்தபின் மென்பொருள் செய்த நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார். இரண்டு கடிதங்களுக்கு விடையில்லை. மூன்றாவது கடிதத்தில், ஆண்டுப் பராமரிப்புத் தொகை நிறுத்தி வைக்கப்படும் எனத் தெரிவித்ததும், ஓர் இளம் பொறியாளர் நேரில் வந்தார். அவரைப் பெரியவர் வீட்டிற்கே அழைத்துச் சென்றனர். அரை மணி நேரம் பெரியவர் கைபேசியைத் தொடுவதையும், அது பொருளின்றிப் பேசுவதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படி ஒருவர் எங்கள் செயலியைப் பயன்படுத்துவார் என்று நாங்கள் நினைக்கவே இல்லை, ஐயா" என்று கூறினாராம். அடுத்த மாதம் வெளிவந்த பதிப்பில் பொத்தான்கள் யாவும் பெயர் பெற்றன.

இவ்வாண்டு ஆய்வுக்குச் சென்றபோது பெரியவரைக் கண்டோம். காதில் கேட்பொறியைப் பொருத்திக்கொண்டு, தம் இருப்பைத் தாமே கேட்டார். "எவ்வளவு, பெரியவரே?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "அதை மட்டும் கேட்காதீர்கள், ஐயா" என்றார்.

ஆயினும், பணி முடிந்துவிடவில்லை. இரகசிய எண்ணை மாற்ற வேண்டுமானால் இன்னமும் கோணல் எழுத்துப் படம் ஒன்று குறுக்கே நிற்கிறது. ஆகவே, நால்வர் அறிந்த பழைய எண்ணே நீடிக்கிறது. அதனை நீக்கக் கோரி நான்காவது கடிதம் சென்றுள்ளது. நம் இவ்வாண்டு அறிக்கையில், "யாவரும் பயன் பெறுகின்றனர்" என எழுதவில்லை. "ஒரு குறை எஞ்சியுள்ளது" என்றே எழுதினோம்.

அன்பார்ந்த அங்கத்தினர்களே! ஒருவர் எல்லார்க்காகவும், எல்லாரும் ஒருவர்க்காகவும் என்பது நாம் நாள்தோறும் கூறும் மொழி. அவ்வொருவர் உங்கள் சங்கத்திலும் இருப்பார். அவரைத் தேடிக் கண்டு, அவர் கையில் கைபேசியைக் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்பதை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள். மென்பொருள் செய்வோர் செய்ய வேண்டியதைச் செய்விக்கும் ஆற்றல், ஒன்றுபட்டு நிற்கும் நம் கையிலேயே உள்ளது.